ஆறு நொடி

வண்ணார்பேட்டையில் பஸ் சிக்கி நின்றால்
எங்கள் ஆப்பரேஷன் தியேட்டரின் கண்ணாடி தெரியும்.
உள்ளே நான் உட்காரும் முக்காலி தெரியாது.
பதினோரு வருஷமாக,
மற்றவர்களின் இதயம் நிற்கும் நேரம் முழுக்க
அதில் உட்கார்ந்தபடி ஓடிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை. செய்யதலி பாத்திமா, முப்பத்து நான்கு,
மேலப்பாளையம், தொழில்: பீடி.
சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல்
மைட்ரல் வால்வைத் தின்று முடித்திருந்தது.
ஹெப்பாரின் ஏறி, உறைநேரம் நானூற்று எண்பதைத் தாண்டியதும்
டாக்டர் தளவாய் தலையசைத்தார்.
குழாயில் அவள் கருஞ்சிவப்பாக வந்தாள்,
பளீரென்று சிவந்து திரும்பிப் போனாள்.

லெவல் அலாரம் காலையிலிருந்தே பொய் சொன்னது.
தொட்டியில் ஒட்டிய சென்ஸாரின் பசை இளகியிருந்தது.
மூன்று தடவை கத்தியது, மூன்று தடவையும் இரத்தம் நிறைய இருந்தது.
நாலாவது தடவை, பார்த்துவிட்டுத்தான், வாயை அடைத்தேன்.
என் விரல். வேறு யாருடையதுமில்லை.

பிறகு தையலுக்காக அவர் இதயத்தைச் சற்றே தூக்கினார்.
பச்சைத் துணிக்கடியில் சிரைக்குழாய் மடங்கியது.
நான் சார்ட்டில் பொட்டாசியம் எழுதிக்கொண்டிருந்தேன்,
ஐந்து புள்ளி ஒன்று.
அந்தப் புள்ளியை அழுத்தி வைத்தது ஞாபகமிருக்கிறது.

தொட்டியில் நானூறு மில்லி.
நிமிஷத்துக்கு நான்கு லிட்டர்.
வகுத்துப் பாருங்கள்.

முன்னீர்பள்ளத்தில் அப்பாவின் பம்ப்செட்
கோடையில் இப்படித்தான் காற்று வாங்கும்.
ஃபுட்வால்வுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால்
மோட்டாரின் சத்தம் மாறும், தொண்டை காய்ந்தவன் பேசுவதுபோல.
பரீட்சைக்குப் படிக்கிற புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடி
ஸ்விட்சை அணைப்பது என் வேலை.
அங்கே போவது தண்ணீர். ஒரு குடம் ஊற்றி மறுபடி ஓட்டலாம்.

சத்தம் மாறியது.

தலை நிமிருமுன் கை போய்விட்டது.
பம்ப் நிறுத்தம். தமனிக் குழாயில் கிளாம்ப்.
வடிகட்டியின் கழுத்தில் உலை பொங்கும் நுரை,
அவளுக்கு ஒரு முழம் முன்னால்.

"என்ன ஜெனிட்டா?"
"காத்து சார். நிறுத்திட்டேன். குழாய் மடங்கியிருக்கு, பாருங்க."
யாரும் கத்தவில்லை.
அதுதான் இன்றுவரை பயமாக இருக்கிறது.
ஒரு நிமிஷம் ஐம்பது நொடி,
காற்றை நான் தட்டித் தட்டி வெளியேற்றும்வரை,
இருபத்தெட்டு டிகிரியில்
இதயமும் இல்லாமல் நானும் இல்லாமல் கிடந்தாள்.
குளிர்தான் அவளை வைத்திருந்தது.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன்.
எனக்கு அங்கே வேலை கிடையாது.
லேப்காரி என்று நினைத்து அவள் புருஷன்
"இன்னும் ரத்தம் எடுக்கணுமாம்மா" என்றார்.
அவள் போர்வை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.
நுனி மடித்து, உருட்டி, நகத்தால் குத்தி அடைத்து.
இடக்கை, வலக்கை. பத்து விரலையும் எண்ணினேன்.

"ஒண்ணும் ஆவலைல்லா? பெறவு எதுக்குத் தாள்ல ஏத்துதிய?"
என்றார் நிர்வாகி பொன்னுலிங்கம். கெட்டவர் இல்லை.
புது சென்ஸார் கேட்டுப் போன மாதம் நான் கொடுத்த கடிதத்தைப்
பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தார்.

படிவத்தில் 'தவறு செய்தவர்' என்று ஒரு கட்டம், விரல் அகலத்தில்.
என் பெயரை எழுதினேன். கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.
பசை என்று எழுதினேன். துணி. கடிதத்தின் தேதி.
கட்டம் தாண்டி, ஓரத்தில் ஏறி,
தாளைத் திருப்பி எழுதினேன்.

அவளிடம் யார் சொல்வது என்பதற்குக் கட்டம் இல்லை.
"சேர்ந்தே போவோம்" என்றார் தளவாய்.
நடந்ததைச் சொன்னார். பாதியில் நான் சொன்னேன்.
புருஷன் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.
அவள் மட்டும் ஒன்று கேட்டாள்:

"அந்த ரெண்டு நிமிசம் நான் எங்கன இருந்தேன்?"

இங்கனதான் என்றேன்.
சார்ட்டில் அந்த வரிசையில்
பூஜ்யம் என்று எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில்.